மார்பகப் பரிசோதனைக்கு ஏன் வருவதில்லை? குமரி மாவட்டத்தில் வீடு வீடாக அழைப்பவர்களுக்கு

முகாம் நாளில் பாதி நாற்காலி காலியாகக் கிடந்தால் "சனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று அறிக்கையில் எழுதி முடித்துவிடுவது வழக்கம். குமரி மாவட்டத்தில் அந்த விளக்கம் எடுபடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழகத்திலேயே முதலிடம். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நெய்யூரில் 1838-இல் தொடங்கிய மருத்துவ மிஷனின் மருத்துவமனை இருக்கிறது. களியக்காவிளையில் கேரள எல்லையைத் தாண்டினால் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம். மார்பகப் புற்றுநோய் என்ற பேச்சைக் கேட்காத பெண் இங்கே அபூர்வம். இருந்தும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 100-க்கு ஒருவர்கூட இல்லை. தமிழகத்தில் 100-க்கு 6 பேர்கூட இல்லை.

வராத ஒவ்வொருத்தியிடமும் வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவள் அளவில் அது நியாயமான காரணம். அதைக் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் பதில் சொன்னால் அவள் வருவாள். மகளிர் சுய உதவிக் குழு ஊக்குநர், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர், அன்பியம் எனும் கத்தோலிக்கப் பங்கின் சிறு குடும்பக் குழுவின் பொறுப்பாளர், கிராம சுகாதார செவிலியருக்கு உதவியாகப் போகும் பெண்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது.

ஆறு கேள்விகள்

1950-களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவச எக்ஸ்ரே வண்டிகளைத் தெருவுக்கே அனுப்பினார்கள். காசு கேட்கவில்லை, தூரமும் இல்லை. ஆனாலும் பலர் வரவில்லை. ஏன் என்று தேடிய உளவியலாளர்கள் கண்டது: ஒருவர் பரிசோதனைக்குப் போவதும் போகாததும் அவர் மனத்துக்குள் சில கேள்விகளுக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் பதிலைப் பொறுத்தது. எனக்கு இது வருமா? வந்தால் எவ்வளவு மோசம்? பார்த்துக்கொள்வதால் என்ன லாபம்? போவதில் என்ன தொல்லை? என்னைக் கிளப்பிவிட யார் இருக்கிறார்கள்? இவ்வளவும் என்னால் செய்து முடிக்க முடியுமா? கடைசிக் கேள்வி 1980-களில் சேர்க்கப்பட்டது. மார்பகப் பரிசோதனைக்கென்றே இந்தக் கேள்விகளை அளக்கும் அளவுகோலை அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் விக்டோரியா சாம்பியன் 1984-இல் உருவாக்கினார்.

நம் நோட்டீஸ்களில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்கான பதில் மட்டும்தான். "கொடிய நோய்", "உயிர்க்கொல்லி", ஒரு பயமுறுத்தும் படம். புற்றுநோய் மோசம் என்பது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். பயந்திருப்பவளை மேலும் பயமுறுத்தி, வெளியேறும் வழியைக் காட்டாமல் விட்டால் அவள் அந்தப் பேச்சையே தவிர்ப்பாள். பயமூட்டும் நோட்டீஸ் ஆளைக் குறைக்கும் என்று எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் கேளுங்கள்

முகாமுக்கு மூன்று வாரம் முன்பு வீடுகளுக்குப் போகத் தொடங்க வேண்டும். தேசியத் திட்டத்தில் 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற செவிலியரோ மருத்துவரோ கையால் பார்க்கும் பரிசோதனை உண்டு. அந்த வயதுக்காரர்களின் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். பிரஷர், சுகர் பார்க்கப் போகிற அதே நேரத்தில் பேசினால் தனியாக "கேன்சர் விஷயமாக வந்திருக்கிறார்கள்" என்ற சலசலப்பு எழாது.

"ஏன் வரல்ல?" என்று கேட்காதீர்கள். அது குற்றம் சாட்டுவது போல விழும். "நேரமில்ல" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "போன தடவ வர முடியல்ல போல, என்ன தடங்கல் மைனி?" என்று கேளுங்கள். முதலில் வரும் பதில் பெரும்பாலும் வேலை, நேரம், வீட்டில் ஆளில்லை. அதை மறுக்காமல் "சரி, அது ஒண்ணு. வேற ஏதும் மனசுல இருக்கா?" என்று இன்னொரு தடவை கேளுங்கள். உண்மையான காரணம் இரண்டாவது பதிலில்தான் வரும். மாமியாரோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அது வராது. அடுக்களைப் பக்கமோ கிணற்றடியோ போய்ப் பேசுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே நோட்டில் எழுதி, எந்தக் கேள்வியில் மாட்டியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். எல்லாருக்கும் ஒரே உரையை ஒப்பித்தால், அவளுக்கு இல்லாத சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டிருப்பீர்கள்.

"வலி ஒண்ணும் இல்லியே"

அதிகம் கேட்பது இதுதான், அதிகம் ஆபத்தானதும் இதுதான். கூலி வேலை செய்யும் பெண்களுக்கு வலிதான் நோயின் அடையாளம். வலி இல்லாத உடம்புக்கு ஒருநாள் சம்பளத்தை விடுவது வீண்செலவு. ஆனால் மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. மாதவிடாய்க்கு முன் இரு பக்கமும் வருகிற வலியும் கனமும் பெரும்பாலும் புற்றுநோயால் வருவதில்லை. அதாவது, வலிப்பவள் பயந்து ஓடிவருகிறாள், வலிக்காதவள் வீட்டிலேயே இருக்கிறாள். இப்படிச் சொல்லலாம்: "வலிச்சா நீங்களே வந்துருவீங்க அக்கா. வலிக்காததப் பாக்கத்தான் நாங்க கூப்பிடுறோம்."

எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மார்பிலோ கக்கத்திலோ புதிதாகத் தென்படும் கட்டி அல்லது தடிப்பு. தோல் குழிவிழுவது, ஆரஞ்சுத் தோல் போல் துளைதுளையாகத் தடிப்பது. முன்பு வெளியே இருந்த காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது. தானாக வரும் இரத்தக் கசிவு. காம்பில் ஆறாத புண் அல்லது சொறி. கட்டியோ தடிப்போ ஒரு மாதவிடாய் முடிந்த பிறகும் அப்படியே இருந்தால் முகாம் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. மாதவிடாய் நின்றவர்களும், மற்ற மாற்றங்களைக் கண்டவர்களும் அந்த ஒரு மாதமும் பார்க்க வேண்டாம், அந்த வாரமே போக வேண்டும்.

"தெரியாம இருக்கதுதான் நல்லது"

இதைச் சொல்பவர் லாபம் என்ற மூன்றாவது கேள்வியில் நிற்கிறார். அவர் ஊரில் பார்த்ததெல்லாம் கண்டுபிடித்தார்கள், மார்பை எடுத்தார்கள், ஆள் போய்விட்டாள் என்ற கதை. பிந்தி வந்தவர்களின் கதை மட்டுமே ஊரில் வலம் வருகிறது. சீக்கிரம் வந்து பிழைத்தவர்கள் வெளியே சொல்வதில்லை, மகள் கல்யாணம் தட்டிப்போகும் என்று ஒளிக்கிறார்கள். அதனால் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சிகிச்சை முடித்து ஐந்து, பத்து வருடம் ஆன பெண் ஒருவர் மனமுவந்து பேச முன்வந்தால், நூறு நோட்டீஸை விட அது பலமானது. வற்புறுத்தக் கூடாது. அவர் அனுமதி இல்லாமல் பெயரை உதாரணமாகக்கூடச் சொல்லக் கூடாது.

இங்கே பயன்படும் ஒரு கணக்கு நம் எல்லைக்கு அப்பாலிருந்தே கிடைக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 30 முதல் 69 வயதுக்குட்பட்ட 1,15,652 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முதல்கட்ட முடிவு 2011-இல் வெளியானது. அதில் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் 50,366 பேரைக் கையால் பரிசோதித்தார்கள். மேல்பரிசோதனை தேவை என்று சொல்லப்பட்டவர்கள் 2,880 பேர். அவர்களில் புற்றுநோய் இருந்தது 30 பேருக்கு. "ஆசாரிப்பள்ளத்துக்கு எழுதித் தந்துட்டாங்க" என்றாலே கேன்சர்தான் என்று அழுகிறவரிடம் இதைச் சொல்லுங்கள்: எழுதித் தரப்பட்ட 100 பேரில் 99 பேருக்கு அது இல்லை. அந்த ஒருவருக்காகத்தான் 100 பேரும் போக வேண்டும். பரிசோதனை நடந்த பகுதிகளில், மற்ற பகுதிகளைவிட அதிகமானோர் ஆரம்பக் கட்டத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டார்கள் என்பதும் அதே ஆய்வு காட்டியது.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை நடத்தி 2021-இல் வெளியிட்ட இருபதாண்டு ஆய்விலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை கைப்பரிசோதனை செய்யப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அத்தகைய குறைவு தெரியவில்லை. ஆகவே "இந்த வயசுல இனி எனக்கென்ன மக்ளே" என்று கை விரிக்கும் ஆச்சியைப் பட்டியலில் கடைசியில் வைக்காதீர்கள். பலன் தெளிவாகத் தெரிந்தது அவர் வயதில்தான்.

"ஊசி குத்தினா பரவிரும்"

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால்தான் பதில் சொல்ல முடியும். நோய் முற்றிய பிறகு வந்தவருக்கு அறுவைசிகிச்சை செய்கிறார்கள், சில மாதங்களில் அவர் இறக்கிறார். பார்க்கிறவர்களுக்கு, கத்தி பட்டது, பரவியது, செத்தார் என்று வரிசை தெரிகிறது. நடந்ததோ பரவியது, பிறகுதான் கத்தி பட்டது. இந்த வரிசையை நிதானமாகச் சொன்னால் கேட்கிறவர்கள் யோசிக்கிறார்கள். "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரே வெட்டாக வெட்டினால் கதவு மூடிக்கொள்ளும். ஊசியால் சதைத்துணுக்கு எடுப்பது மரத்துப்போகும் மருந்து போட்டுச் செய்வது. அன்றே வீட்டுக்கு வரலாம். அந்தத் துணுக்கு இல்லாமல் எந்த மருந்து பலிக்கும் என்று மருத்துவருக்குத் தெரியாது.

இதோடு ஒட்டியது தடவல். வர்ம வைத்தியத்தில் இந்த மாவட்டத்துக்குப் பெரும் பெயர் உண்டு, ஆசான்கள் மேல் மக்களுக்கு மதிப்பும் உண்டு. எண்ணெய் காய்ச்சிக் கட்டியைத் தடவிக் கரைக்கப் பார்ப்பதில் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. ஆசானைப் பழித்தால் நீங்கள்தான் தோற்பீர்கள். அவரையே நேரில் போய்ப் பார்த்து, "மார்ல கட்டின்னு யாரு வந்தாலும் முதல்ல ஆசுபத்திரியில பாத்துட்டு வரச் சொல்லுங்க ஆசானே" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தை அந்தப் பெண்ணை நேராக அனுப்பிவைக்கும்.

மணலும் தலையெழுத்தும்

மணவாளக்குறிச்சி, மிடாலம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் ஒரு தனிப் பதில் உண்டு: "இந்த மண்ணுல பொறந்தா வரத்தான் செய்யும்." அங்கே மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது, இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல். இவை உண்மை. இதே மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் மக்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சு கூடுவதால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆனால் அழைக்கப் போன இடத்தில் மணலால் வருமா வராதா என்ற வழக்கைத் தீர்க்க உட்காராதீர்கள். ஊர் மக்களின் கவலை பெரியது, அதற்கு வேறு மேடை வேண்டும். இங்கே சொல்ல வேண்டியது இது: "நீங்க சொல்றது சரின்னே வச்சுக்குவோம். அப்படின்னா மத்த ஊருக்காரங்களுக்கு முன்னால நீங்கதான பாக்கணும்?"

கதிர்வீச்சுப் பயம், மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மம்மோகிராமின் மேலும் பாயும். ஊர் முகாமில் செவிலியர் கைதான், எந்திரம் எதுவும் கிடையாது என்று முதலில் தெளிவாக்குங்கள். மம்மோகிராம் மேல்பரிசோதனைக்கு எழுதப்பட்டால் மட்டும். அதன் கதிர்வீச்சு சராசரி மனிதர் இயற்கையிலிருந்தே ஏழெட்டு வாரத்தில் வாங்கும் அளவுதான்.

கர்த்தர் சித்தம், தலையெழுத்து, அல்லாஹ் விட்டபடி என்று சொல்கிறவரோடு வாதாட வேண்டாம். பங்குத்தந்தை, ஆயர், பள்ளிவாசல் இமாம், கோயில் நிர்வாகி இவர்களில் ஒருவர் ஞாயிறு திருப்பலி முடிவிலோ வெள்ளித் தொழுகைக்குப் பிறகோ இரண்டு வரி சொல்லட்டும்.

மற்றவை சுருக்கமாக: "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல" என்பவருக்கு, பரம்பரை மரபணுவால் வருவது 100-இல் 5 முதல் 10 பேருக்குத்தான், நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் அவரவர் குடும்பத்தில் முதல் ஆள். "நாலு பிள்ளைக்குப் பால் குடுத்தவ நான்" என்பவருக்கு, பால் கொடுத்தது நல்லது, ஆபத்தைக் குறைத்தது, ஆனால் இல்லாமல் ஆக்காது. கறுப்பு உள்ளாடை, ஜாக்கெட்டுக்குள் வைக்கும் பர்ஸ் ஆகியவற்றால் வராது. தொட்டால் ஒட்டாது.

வெட்கமும் வேலையும்

நம்பிக்கைகளைச் சரிசெய்த பிறகும் பெண்கள் வராமல் போவது தொல்லை என்ற நான்காவது கேள்வியால். இதைப் பேசித் தீர்க்க முடியாது, ஏற்பாட்டால்தான் தீரும்.

யார் பார்ப்பார், எப்படிப் பார்ப்பார் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். "பொம்பளை நர்சுதான். தனி அறை. மேல்சட்டையக் கழத்தணும், தோர்த்து தருவோம், ஒரு பக்கம் பாக்கும்போது மறுபக்கம் மூடியிருக்கும். உட்கார வச்சு ஒரு தடவ, படுக்க வச்சு ஒரு தடவ, கக்கத்தையும் பாப்பாங்க." இந்த நாலு வரியைக் கேட்டவர் வாசலில் திரும்பிப் போவதில்லை. பெண் பரிசோதகர் வருவது உறுதியாகும்வரை தேதி அறிவிக்க வேண்டாம். கடைசி நேரத்தில் ஆண் மருத்துவர் வந்தால், அந்த ஊர் அடுத்த முகாமையும் நம்பாது.

பேனரில் "புற்றுநோய் முகாம்" என்று போடாதீர்கள். "பெண்கள் நலப் பரிசோதனை" போதும். பிரஷர், சுகரும் அங்கேயே பாருங்கள். அதற்காக உள்ளே என்ன பார்க்கப் போகிறோம் என்பதை மறைப்பது தவறு. ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லி, சம்மதம் கேட்ட பிறகே அறைக்குள் அனுப்ப வேண்டும்.

ஒருவரை முறையாகப் பார்க்க, பேச்சையும் சேர்த்து 8 நிமிடமாவது வேண்டும். மூன்று விரல்களின் அடிச்சதையால், மேலாக, கொஞ்சம் ஆழமாக, நன்றாக ஆழமாக என்று மூன்று அழுத்தத்தில் முழுப்பரப்பையும் தொட வேண்டும். ஒரு செவிலியர் நாலு மணி நேரத்தில் 30 பேரைப் பார்க்கலாம். 100 பேரைக் கூட்டினால் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், கட்டி விரலுக்குத் தப்பிவிடும், இரண்டு மணி நேரம் காத்திருந்தவர் அடுத்த முறை வரமாட்டார். நேரச்சீட்டு கொடுங்கள், மணிக்கு 7 பேர். மாதவிடாய் வருகிறவர்களுக்கு அது தொடங்கி 7 முதல் 10 நாள் ஆன சமயம் வசதி. அந்தக் கணக்குப்படி தேதி கிடைக்கிறவர்களுக்குக் கொடுங்கள், கிடைக்காவிட்டாலும் வரச் சொல்லுங்கள்.

வேலையைப் பொறுத்து நேரம் மாறும். குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள், பிற்பகல்தான் தோது. மழையில் வெட்டு நிற்கும் நாள் இன்னும் நல்லது. மீன் சுமந்து விற்கிறவர்களுக்கும் மதியத்துக்கு மேல். முந்திரி ஆலையில் கூலி எடைக்கணக்கு, ஒரு மணி நேரம் எழுந்தால் காசு குறையும். அங்கே ஆலைக்குள்ளேயே ஓர் அறை கேட்டு, சம்பளம் பிடிக்காமல் பத்துப் பத்துப் பேராக அனுப்ப முதலாளியிடம் முன்பே பேச வேண்டும். மாசிக்கொடைத் திருவிழா நாட்களில் மண்டைக்காட்டுச் சுற்றுவட்டாரத்திலும், பத்து நாள் திருவிழா நடக்கும் தேவாலயப் பங்கிலும் முகாம் போடாதீர்கள்.

முடிவெடுப்பவர் யார் என்றும் பாருங்கள். கணவர் வளைகுடாவிலோ ஆழ்கடலிலோ இருக்கும் வீட்டில் மாமியார் தலையசைக்க வேண்டியிருக்கும். மாமியாருக்கும் சேர்த்தே சீட்டு கொடுங்கள், இருவரும் ஒன்றாக வருவார்கள். முகாமுக்கு முந்தின நாள் மாலை நேரில் போய் ஞாபகப்படுத்துங்கள். போன் அடித்தால் "வாறேன்" என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவதுதான் நடக்கும்.

பார்த்த பிறகு

முடிவை எல்லார் முன்னும் சொல்லக் கூடாது. மேல்பரிசோதனை தேவைப்படுகிறவர்களை மட்டும் உட்காரவைத்தால் மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எல்லாருக்கும் ஒரே நிறக் கவரில் சீட்டு வைத்து ஒட்டிக் கொடுங்கள். தேவைப்படுகிறவரிடம் அன்று மாலையோ மறுநாளோ வீட்டில் தனியாகப் பேசலாம்.

"ஒண்ணும் இல்ல" என்ற முடிவும் சரியாகச் சொல்லப்பட வேண்டும். திருவனந்தபுரம் ஆய்வில் கைப்பரிசோதனை, இருந்த புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியைத்தான் பிடித்தது. "அஞ்சு வருசத்துக்குப் பயமில்ல" என்று சொல்லி அனுப்பினால், அடுத்த வருடம் கட்டி தென்பட்டாலும் அவர் வரமாட்டார். "இன்னைக்கு ஒண்ணும் தட்டுப்படல. எப்ப மாற்றம் தெரிஞ்சாலும் அடுத்த முகாம் வரைக்கும் காத்திருக்காதீங்க" என்பதே சரியான வாசகம். மாதாமாதம் தானே அமுக்கிப் பார்க்கும் முறையைக் கட்டாயப் பாடமாக நடத்த வேண்டாம். ஷாங்காயில் 2,66,064 பெண்களிடம் நடந்த ஆய்வில் அதனால் மரணம் குறையவில்லை. குளிக்கும்போது தன் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று பழகி வைத்திருந்தாலே போதும்.

எழுதிக் கொடுத்தவர்களை ஏழு நாளுக்குள் அனுப்பப் பாருங்கள். அறிகுறியோடு வந்தவருக்கு 60 நாளுக்குள் நோய் உண்டா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. ஸ்கேன், மம்மோகிராம் எந்தெந்த நாளில் எடுப்பார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வைத்துக்கொண்டு அனுப்புங்கள். போன நாளில் எந்திரம் ஓடவில்லை என்று திரும்பியவர்களில் பலர் மறுபடி போவதில்லை. ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பரிந்துரைச் சீட்டு நாலும் கையில் இருக்கட்டும். காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழைக்கலாம். மம்மோகிராம் நாளில் நைட்டி வேண்டாம், இடுப்புக்கு மேல் மட்டும் கழற்றும்படியான உடை வசதி. கக்கத்தில் பவுடரும் ஸ்பிரேயும் போடக் கூடாது, படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரிந்து குழப்பும். அழுத்தம் ஒவ்வொரு படத்துக்கும் சில விநாடிதான். கொஞ்சம் வலிக்கும் என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

நோட்டில் ஆளுக்கு ஒரு வரி, ஐந்து கட்டம்: பெயர், அவர் சொன்ன தடங்கல், வந்த தேதி, எழுதிக் கொடுத்தது, போய்ப் பார்த்தது. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரிகளைத் திங்கட்கிழமைதோறும் எடுத்துப் பாருங்கள்.

நோய் உறுதியானவர் வீட்டுக்கு ஒரு குறிப்பிட்ட நாளில் கட்டாயம் போக வேண்டும். கீமோ என்ற புற்றுநோய் மருந்துச் சிகிச்சை பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு தவணை, முடி கொட்டத் தொடங்குவதும் முதல் தவணைக்குப் பின் இரண்டு மூன்று வாரத்தில். சீப்பில் கற்றையாக வருவதைப் பார்த்து, "மருந்துதான் கொல்லுது" என்று இரண்டாம் தவணையை விட்டுவிடுகிறவர்கள் அந்தச் சமயத்தில்தான் விடுகிறார்கள். தவணைக்கு இரண்டு நாள் முன்பு போங்கள். மருந்து நின்றபின் முடி மறுபடி முளைக்கும் என்று சொல்லுங்கள். அன்று பிள்ளைகளை யார் பார்ப்பார், பஸ்ஸில் யார் கூடப் போவார், திரும்பி வந்ததும் கஞ்சி யார் வைப்பார் என்று மூன்று பெயரைக் குழுவிலிருந்து எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.